ஆடிட்டில் அவர் சொன்ன பதில்

ஆடிட் என்றால் வரவுசெலவு பார்ப்பது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இது அது இல்லை, இது ஆளைப் பார்ப்பது என்று என் கணவர் சொன்னார். மருந்து விற்கிற பெரிய கம்பெனி, தனக்கு மருந்துத் தூள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும். சுத்தமாகச் செய்கிறார்களா, வேலைக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, கழிவை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்றெல்லாம் வந்தவர் பார்த்து எழுதுவார். எழுதியது சரியில்லை என்றால் ஆர்டர் கை நழுவிப் போய்விடும். அதனால் ஆடிட் வருகிறது என்றால் தொழிற்சாலை முழுக்கப் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிடும். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கழிப்பறையில் சோப்பு வரும். புதுக் கையுறைப் பெட்டிகளைக் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைப்பார்கள்.

என் கணவர் அங்கே தூளைக் காயவைத்துச் சலிக்கிற பிரிவில் ஆபரேட்டர். ஒவ்வொரு தடவையும் சரக்கு இறங்கியதும் அந்த இயந்திரங்களைக் கழுவிவிடுவதும் அவர் வேலைதான். கழுவிய தண்ணீரில் மருந்து இருக்கும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டும். நிலையம் இருந்தது, ஆனால் ஓடாது. ஓட்டினால் மின்சாரச் செலவு, ரசாயனச் செலவு. விருந்தாளி வருகிற அன்று மட்டும் ஓடும். மற்ற நாட்களில் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரப்பர் பைப்பை இழுத்துப் போட்டு மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுவார்கள். பைப்பை இழுத்துப் போடுகிற கை என் கணவருடையது. கால்வாய் சரிவில் இறங்கிக் கீழ்த்தெருவுக்குப் பின்னால் உள்ள குட்டையில் சேரும். குட்டையை ஒட்டித்தான் கீழ்த்தெருக்காரர்களின் ஆழ்துளைக் கிணறு இருந்தது. எங்கள் வீடு மேட்டில். எங்களுக்கு வேறு தண்ணீர்.

அந்தத் தடவை ஆடிட்டுக்கு முந்தின வாரம், பர்சனல் ஆபீசர் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். வருகிறவர் என்ன கேட்பார், என்ன சொல்லவேண்டும் என்று அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொல்ல, இவர்கள் ஒன்றாகத் திருப்பிச் சொல்லவேண்டும். என் கணவருக்கு மனப்பாடம் வராது. தன் கல்யாண நாளையே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் நினைவுக்குக் கொண்டுவருவார். ஆகவே வீட்டில் பயிற்சி. நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஆடிட்டராக உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“எத்தனை மணி நேரம் வேலை பார்க்கறீங்க?”

“எட்டு மணி நேரம்ங்க மேடம்.”

“அப்ப முந்தாநாள் வீட்டுக்கு வர அவ்வளவு நேரம் ஆச்சே, அது எந்த எட்டு?”

“அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க. நீ பொண்டாட்டி மாதிரி கேக்காதே, ஆடிட்டர் மாதிரி கேளு.”

“முதல்ல கையை எடுங்கப்பா,” என்றாள் மகள். “கட்டிக்கிட்டு உட்கார்ந்தா திருடிட்டு மாட்டிக்கிட்டவர் மாதிரி இருக்கு.”

கையைப் பிரித்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தொடைமேல் வைத்தார், பாக்கெட்டில் விட்டார், திரும்பவும் கட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு பதில் மட்டும் அவருக்குத் தங்கு தடையில்லாமல் வந்தது. கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றால், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதை மட்டும் மூச்சு விடாமல் சொன்னார். நானும் அதில் அவரை மடக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் தெரிந்த கேள்வியை யாராவது இரண்டாம் தடவை கேட்பார்களா?

ஆடிட்டர் ஒரு பெண். ஆபீசர் காட்டிய வழியில் எல்லாம் மறுக்காமல் நடந்தார், காட்டியதையெல்லாம் பார்த்தார் என்று என் கணவர் சொன்னார். பிறகு வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, அவராகவே ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொருவரையும் தனியறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டும், கம்பெனி ஆள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதுதான் அவர்கள் வழக்கம். ஐந்து பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவருக்குக் கடைசி முறை.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. முதல் கேள்விக்கு மூன்றாம் கேள்வியின் பதிலைச் சொன்னார். அது தப்பு என்று தெரிந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் தன் பாட்டிலிலிருந்து ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றாராம். இவர் நிதானமாக முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் மறுபடி தடைப்பட்டது. மறுபடி முதலிலிருந்து. மற்ற நாலு பேரும் இருந்ததைவிட இவர் அதிக நேரம் உள்ளே இருந்தது இதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

அவர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஆடிட்டரும் வந்தார். சாப்பாடு தயாராக இருக்கிறது என்று ஆபீசர் குழைந்துகொண்டு நிற்க, ஆடிட்டர் அவரைத் தாண்டிப் போனார். வழி கேட்கவில்லை. தன் வீட்டுச் சமையலறைக்குப் போகிறவர் மாதிரி நேராகப் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் போய், கால்வாயின் மேல் கிடந்த தகரத்தைப் புரட்டச் சொன்னார். பைப் அங்கேயே கிடந்தது. அன்றைக்கு அதைச் சுருட்டி உள்ளே வைக்கவேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பைப்பின் வாயிலிருந்து கால்வாய் நெடுக வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி தூள் படிந்திருந்தது. அவர் படம் எடுத்தார், தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டார், பிறகு வந்து ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் யாருக்கும் துப்பறிகிற வேலையே இருக்கவில்லை. அதிக நேரம் உள்ளே இருந்தது யார்? இவர். பைப்பைப் போடுவது யார்? இவர். யார் வெளியே வந்த உடனே அந்த அம்மாள் நடக்க ஆரம்பித்தார்? இவர். மறுநாள் காலையில் கேட்டில் இவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அட்டையை வாங்கிய காவலாளி இவரோடு தினமும் டீ குடிப்பவர். வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினாராம். பர்சனல் ஆபீசர் ஒரு தாளை நீட்டினார். சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. இவர் பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகுதான் பேசினார். சார், நான் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன் என்றார்.

“அவ்வளவு நேரம் உள்ளே என்ன, பாட்டா பாடினீங்க?”

மறந்துபோய்த் திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொன்னேன் என்றார் இவர். ஆபீசர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் குரலை இறக்கினார்.

“சரி, நீங்க இல்லைன்னே வெச்சுக்குவோம். அந்தப் பெஞ்சில உங்களோட உட்கார்ந்திருந்தவங்க நாலு பேர். உங்களுக்குத் தெரியாம இருக்காது. பேரை மட்டும் சொல்லுங்க, இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு உள்ளே போங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். உங்களுக்குத் தெரியுமா, யார் என்று கேட்டேன். தெரியும் என்றார்.

“யாரு?”

“உனக்கு வேண்டாம். உன்கிட்ட சொன்னா உன் முகம் ஊருக்கே சொல்லிடும்.”

அது உண்மை. தெரிந்திருந்தால் முகம் சொல்லும்வரை காத்திருக்கமாட்டேன், அன்றைக்கே நானே போய்ச் சொல்லியிருப்பேன். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. யாரோ ஒருவர் செய்த காரியத்துக்கு நம் வீட்டு அடுப்பு ஏன் அணையவேண்டும் என்று கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்டேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. ஆபீசரிடம் அவர் திரும்பிப் போகவே இல்லை.

கால்வாயை அடைத்து, சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்த்து ஓட்டும்வரை அவருடைய பிரிவை மூடிவைத்தார்கள். தினக்கூலிக்கு வந்தவர்களுக்கு அத்தனை நாளும் வேலை இல்லை. அவர்கள் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. டீக்கடையில் இவர் போய் நின்றால், “வாங்க ஜட்ஜய்யா, இன்னைக்கு யாருக்குத் தீர்ப்பு?” என்பார்கள். ஒருவன், ஜட்ஜய்யாவுக்குச் சர்க்கரை இல்லாமல் கொடு, அவருக்குக் கலப்படமே ஆகாது என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது இவரே சிரித்தார். ஏச்சு அவரை அவ்வளவாக வாட்டவில்லை. செய்யாததற்கு ஏச்சு வாங்கினால் ஒரு தெம்பு இருக்கும் போல.

அவரை உடைத்தது கீழ்த்தெருக்காரர்களின் மரியாதை.

மழை ஒன்று பெய்து குட்டை புரண்டு தெளிந்த பிறகு, அவர்கள் ஏழெட்டுப் பேராக வந்தார்கள். வாசலில் நின்று, ஐயா இருக்கிறாரா என்று கேட்டார்கள். அதுவரை எங்கள் வீட்டில் யாரையும் யாரும் ஐயா என்று கேட்டு வந்ததில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போய்விட்டது என்றார்கள். ஒரு தாய் தன் சின்னப் பெண்ணின் காலைத் தூக்கிக் காட்டினாள். கால்வாய் ஓரம் விளையாடி விளையாடி வந்த புண், எந்த மருந்துக்கும் கேட்காமல் இருந்தது, இப்போது ஆறி வருகிறது என்றாள். உங்கள் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் வாய் திறக்க மனசு வந்தது என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். இவரைக் காணோம். பின்பக்கம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் கவலையோடு போனார்கள். மறுநாள் ஒருவர் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகுதான், இவர் அதுவரை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். தண்ணீர் எங்கே போகிறது என்று ஆடிட்டர் கேட்டிருக்கிறார். இவர் மூச்சு விடாமல் பதில் சொல்லியிருக்கிறார். நிச்சயமா என்று அந்த அம்மாள் இவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். மற்ற எல்லாப் பதிலிலும் உளறிவிட்டோமே, இதிலாவது நன்றாகச் சொல்லவேண்டும் என்று இவருக்கு ஒரு வேகம் வந்திருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார்.

“அந்தத் தண்ணியை நாங்களே குடிக்கலாம் மேடம்னு சொன்னேன். குடிச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. குடிச்சிருக்கேன்னு சொன்னேன்.”

அவர் என்னிடம் ஏதாவது எதிர்பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “அந்தப் பிள்ளை காலைப் பார்த்தியா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். “நல்லா ஆறிடுச்சா?” என்றார்.

அவர் ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தார். நிறம் கலக்கிக் கொடுப்பதும் டப்பாக்களை வண்டியில் ஏற்றுவதும் வேலை. அங்கேயும் கீழ்த்தெருக்காரர்கள் வந்தால், நீங்கள் தூக்குவதா என்று டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். முதலாளிக்கு அது பெருமையாக இருந்தது. உங்களால் எனக்கு வியாபாரம் கூடுகிறது என்றாராம். அவர்கள் வருகிற நேரம் பார்த்து இவர் பின்பக்கக் கிடங்கில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

சில மாதம் கழித்து அந்த ஆடிட்டர் வீட்டுக்கு வந்தார். சொன்னதையெல்லாம் கம்பெனி சரிசெய்ததா என்று பார்க்கத் திரும்ப வந்தவர், இவரைக் காணாமல் விசாரித்திருக்கிறார். அவராக விலகிவிட்டார் என்று தாளைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் கூடத்தில், நான் அன்றைக்கு ஆடிட்டராக உட்கார்ந்து சிரித்த அதே நாற்காலியில் நிஜமான ஆடிட்டர் உட்கார்ந்தார். என்னைவிடச் சின்னவர். நான் கொடுத்த டீயை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வந்ததை அவர் சுற்றி வளைக்கவில்லை. பேசியவர்களில் ஒருவர் உண்மையைச் சொன்னார், அவர் வெளியே போன உடனே நான் எழுந்து போனால் அவர் மாட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் காத்திருந்தேன் என்றார்.

“எதுவுமே சொல்லாத ஒருத்தர் பேசிட்டு வெளியே வந்த பிறகு போகலாம்னு நினைச்சேன். நீங்க கம்பெனியை அவ்வளவு புகழ்ந்தீங்க. உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, உங்க மேல கை வைக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். தப்பு என்னோடது.”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு இருந்த கூச்சத்தைவிட இவருக்கு அதிகமாக இருந்தது. தன் வாயால் சொன்ன பொய்யைக் கேட்டவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் மன்னிப்பும் கேட்கிறார்.

நான்தான் கேட்டேன், இப்போது என்ன செய்ய முடியும் என்று. இவர் எங்களிடம் கம்பெனிக்கு எதிராக ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் போதும், அவர்களாகவே கூப்பிட்டு வேலையைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றார் ஆடிட்டர். எனக்கு மூச்சு வந்தது. இவர் தலையை நிமிர்த்தினார்.

“எழுதிக் கொடுத்தா, அப்புறம் மத்த நாலு பேர்ல தேடுவாங்களே மேடம்?”

“தேடுவாங்க.”

“அப்ப வேண்டாம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். நாங்கள் வாழ்ந்த காலத்தில் அவர் எனக்கு எதிராகக் கையை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான், அதுவும் பேசாதே என்பதற்கு.

அந்தத் தண்ணீரில் அப்படி என்னதான் கெடுதல் என்று நான் வேறு பேச்சுக்குப் போனேன். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும், பிறகு நிஜமாக நோய் வரும்போது அதே மருந்து கேட்காது, அந்தத் தெருவில் மட்டும் இல்லை, எங்கேயுமே கேட்காமல் போகலாம் என்று ஆடிட்டர் விளக்கினார். எழுந்து வாசல்வரை போனவரை என் கணவர் நிறுத்தினார்.

“குடிச்சிருக்கேன்னு நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்களா மேடம்?”

“எழுதிக்கிட்டேன்.”

“அதை மட்டும் அடிச்சிட முடியுமா?”

முடியாது என்று அவர் சொன்னார். சொன்னதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை என்றார். இவர் சரி என்று தலையாட்டினார்.

உண்மையைச் சொன்னது யார் என்பது எனக்கு அதற்கடுத்த மாதம் தெரிந்தது. அவளே வந்தாள். தொழிற்சாலையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மருந்துத் தூள் படிந்த சீருடைகளை வெளியே அனுப்பக் கூடாது என்பதால் அங்கேயே துவைப்பார்கள். இவருடைய சீருடை இரண்டு செட் அவளிடம் தங்கிவிட்டது, அதைத் தேய்த்து மடித்து எடுத்து வந்திருந்தாள். அது சாக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், ஒரு பெண் குழந்தையோடு கீழ்த்தெருவில் இருந்தாள். இவரை அண்ணே என்பாள். அன்று பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நான் சொல்லிவிடப் போகிறேன் அண்ணே என்று உள்ளே போகும் முன் இவரிடம் சொல்லியிருக்கிறாள். உனக்கு எதற்கு இந்த வம்பு என்று இவர் சொல்லியிருக்கிறார்.

“நாளைக்குப் போய் நான்தான்னு சொல்லிடறேன்,” என்றாள். நின்றுகொண்டேதான் பேசினாள்.

“சொன்னா என் வேலை திரும்ப வராது. உன்னுதும் போகும். பொண்ணை வெச்சுக்கிட்டு எங்கே போவே?”

“அது எனக்குத் தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் உள்ளே போய்ச் சொன்னேன்.” அவள் குரல் ஏறியது. “எங்க தெருவுல உங்களைக் கும்பிடறாங்க. தினம் கேக்கறேன். அந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் தைரியம் வந்துச்சு, அங்கேயே வேலை பார்க்கிற உனக்கு வரலையேன்னு என் முகத்துக்கு நேரா சொல்றாங்க. நான் துணியை அலசிட்டுப் பேசாம இருக்கேன். பேசினது நான். கும்பிடு உங்களுக்கு.”

அவள் நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம்மா,” என்றார் இவர். “வாங்கிக்க உடம்பு கூசுது. நான் உள்ளே என்ன சொன்னேன் தெரியுமா?” சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எனக்குச் சொன்னதைவிட மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அவள் கையிலிருந்த சீருடையை ஸ்டூலின் மேல் வைத்தாள்.

“நீங்க குடிக்கலை அண்ணே. என் பொண்ணு குடிச்சா.”

அதற்கப்புறம் அங்கே நிற்க முடியாதவள் மாதிரி போய்விட்டாள். மறுநாள் அவள் ஆபீசரிடம் போகவில்லை. பெண்ணை நினைத்து நின்றுவிட்டாள் போல. இவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நல்லது என்றார். அவளை எங்கேயாவது தெருவில் பார்த்தால் இவர் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார். அவளும் அதையேதான் செய்தாள். அவள் வேலையை இவர் காப்பாற்றிக் கொடுத்திருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

என் கணவர் போன வருஷம் காலமானார். நெஞ்சுவலி, கடையிலேயே. அதற்குள் மகளுக்கு வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆகியிருந்தது. சலவைக்காரியும் வயதாகித் தொழிற்சாலையை விட்டு வந்துவிட்டாள், அவள் பெண் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். இனி யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

துக்கம் கேட்கக் கீழ்த்தெரு முழுக்க வந்தது. கூடத்தில் இடம் போதாமல் வாசலில் நின்றார்கள். அவரைப் பற்றித்தான் பேச்சு. ஒற்றை ஆளாக உள்ளே போய் அத்தனையையும் புட்டுப் புட்டு வைத்தாராம். ஆபீசர் மிரட்டியபோது, நான்தான் சொன்னேன், என்ன செய்வாய் என்று கேட்டாராம். இத்தனை வருஷத்தில் அது வளர்ந்து வேறு ஒன்றாகியிருந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த சலவைக்காரி, “அன்னைக்குப் பேசினது அவர் இல்லை, நான்,” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் ஒரு பெரியவர், ஏம்மா, செத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது என்றார். அவர் உயிரோடு இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று ஒருத்தி கேட்டாள். கடைசிவரை அதே கம்பெனியில் சம்பளம் வாங்கினவள்தானே நீ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“அவங்க சொல்றது நிஜம்,” என்றேன். “இவர் எதுவும் சொல்லலை. கம்பெனி சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார். அதுக்கு மேலேயும் சொன்னார். அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கேன்னு சொன்னார்.”

யாரோ எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். காலில் புண்ணோடு வந்த அந்தப் பெண் இப்போது வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தச் சலவைக்கார அக்காவைக் காப்பாத்தறதுக்காக அம்மா இப்படிச் சொல்றாங்க என்று மற்றவர்களிடம் சொன்னாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்க, புருஷனுக்குத் தகுந்த பெண்சாதி என்றார் அந்தப் பெரியவர். நான் இன்னும் ஏதோ சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், துக்கத்தில் பேசுகிறவளிடம் தலையாட்டுகிற மாதிரி.

சலவைக்காரி எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தில் வழி கேட்டு வெளியே போனாள். “வரேன் அண்ணி,” என்று மட்டும் சொன்னாள்.

அவள் படியிறங்கிய பிறகு அவர்கள் வந்த விஷயத்தைச் சொன்னார்கள். கீழ்த்தெருவில் ஒரு படிப்பகம் கட்டியிருக்கிறார்கள். அதில் மாட்டுவதற்கு ஐயாவின் படம் ஒன்று வேண்டும். நல்ல படம் எதுவும் வீட்டில் இல்லை என்று சொன்னேன்.

அவர் படம் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில் மாட்டியிருந்தது. ஒவ்வொருவராக அதை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.